முதல் ஆஃப்ரோடு பயணமா? டயர் காற்றைக் கவனியுங்கள்

வண்டியை முதன்முறையாக மண்பாதையில் இறக்கப் போகிறீர்களா? வின்ச் (சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் கருவி), கூரை விளக்கு எல்லாம் அப்புறம். முதலில் டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பிரஷர் கேஜும், காற்று நிரப்பும் சின்ன ஏர் கம்ப்ரஸரும் வாங்குங்கள். சாலையில் 32-35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருக்கும் டயரைக் கரடுமுரடான பாதையில் 25 அளவுக்கும், மணலில் 18 அளவுக்கும் இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்பு கூடும், குலுக்கலும் குறையும். ஆனால் அதற்குப் பிறகு வேகமும் கூடாது, சடாரென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கவும் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று நிரப்பியே ஆக வேண்டும்.

இன்னொரு வண்டி துணைக்கு இருக்கட்டும். சிக்கிய வண்டியை இழுக்கும்போது, டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுவைப் பட்டையைக் கோக்கவே கோக்காதீர்கள். அது பிய்த்துக்கொண்டால் பீரங்கிக் குண்டுதான்.

இரவு கூடாரம் போட்டுத் தங்குவதானால், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். வறண்ட ஓடை மணல் படுக்க சுகமாகத்தான் தெரியும். மேலே எங்கோ பெய்த மழை நடுராத்திரியில் அங்கே வெள்ளமாக வரும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம். சமையலா? முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கூடாரம் அடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.