அம்பாசடர் பிளாக்கை உடைத்துக்கொண்டு ராட் வெளியே வந்துவிட்டதா? ஓட்டையை அடைக்கும் முறை

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் முறிந்தால், பிளாக்கின் (என்ஜினின் வார்ப்பிரும்பு உடல்) பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். பார்த்தவுடன் பலரும் பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வார்கள். ஓட்டை எந்தச் சுவரில், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அப்படி முடிவெடுக்க வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் ஏறியிருப்பது இந்த என்ஜின் நம்பர்தான். பிளாக்கை மாற்றினால் ஆர்டிஓ அலைச்சல் தனி.

சிலிண்டருக்குக் கீழே, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றும் பகுதியின் சுவர் மட்டும் போயிருந்தால் கவலையில்லை. அங்கே தெறிக்கிற ஆயில்தான் உண்டு, சொல்லும்படியான அழுத்தம் கிடையாது. இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டாலே போதும். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை விரிசல் ஏறியிருந்தால் மெட்டல் ஸ்டிச்சிங் (விரிசலைப் பின்களால் தைப்பது) செய்ய வேண்டும். சிலிண்டர் உள்சுவரில் மட்டும் என்றால் போரிங் செய்து லைனர் (உள்குழாய்) இறக்கலாம். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் குறுக்குச் சுவரில் விரிசல் இருந்தால் வேறு பிளாக் தேடுவதுதான் புத்திசாலித்தனம். இந்த என்ஜினுக்கு மெயின் பேரிங் மூன்றே மூன்று. அதில் ஒன்று ஆட்டம் கண்டாலும் கிராங்க் தாங்காது. ஓட்டை இடது பக்கம் என்றால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் அது உட்காரும் துளைகளையும் பாருங்கள். ராட் வெளியே வரும் வழியில்தான் அது இருக்கிறது.

முதலில் பிளாக்கை முழுக்க வெறுமையாக்குங்கள். தண்ணீர் வழியை அடைக்கும் கோர் பிளக், ஆயில் வழியை அடைக்கும் கேலரி பிளக் எதையும் விட்டுவைக்க வேண்டாம். சூடான காஸ்டிக் தொட்டியில் ஊறவைத்துக் கழுவுங்கள். அலுமினியப் பாகம் எதையும் கூடவே போட்டுவிடாதீர்கள், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். காய்ந்ததும் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு டை பெனிட்ரன்ட் சிவப்பு மையை அடித்து, 10 முதல் 15 நிமிடம் விட்டுத் துணியால் துடையுங்கள். மேலே வெள்ளை டெவலப்பரை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் சிவப்புக் கோடாக எழும். கோடு முடியும் இடத்தைத் தாண்டி 2, 3 மி.மீ. தள்ளி 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. இதைத் தவறவிட்டால், தகடு உறுதியாக இருக்கும், அதன் ஓரத்திலிருந்து ஆயில் கசியும்.

ஓட்டையின் விளிம்பில் ஆடுகிற துண்டுகளை எடுத்துவிட்டு, கூர்மூலைகளை வட்டமாக கிரைண்ட் செய்யுங்கள். அட்டையில் அச்சு வெட்டி, ஓட்டையைவிடச் சுற்றிலும் 20 மி.மீ. பெரிதாக 3 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டை அறுத்துக்கொள்ளுங்கள். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, சுவரின் வளைவுக்குத் தட்டி எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இதுதான். உட்காரும் இடத்தில் மார்க்கிங் நீலம் (தொடும் இடத்தைக் காட்டும் மை) தடவி, தகட்டை அழுத்தி எடுத்து, மேடு தட்டும் இடங்களை அரத்தால் ராவுங்கள். சுற்றிலும் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையாத நிலை வரும்வரை விடாதீர்கள். இடைவெளியைப் பிறகு பூசும் எபாக்ஸி பசை நிரப்பிக்கொள்ளும் என்று நினைத்துச் செய்த வேலைதான் ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

போல்ட் துளைகள் ஓட்டை விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 20 மி.மீ. இடைவெளியில் வரட்டும். சுவர் 5 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் எம்6 (6 மி.மீ. போல்ட்): பிளாக்கில் 5 மி.மீ. டிரில், தகட்டில் 6.5. சுவர் மெல்லியது என்றால் எம்5, அதற்கு 4.2 டிரில். எதிரெதிரே இரண்டு போட்டுத் தகட்டை நிறுத்திய பிறகே மற்றவற்றைத் துளையிடுங்கள். மரை வெட்டும் டேப் போடும்போது ஆயில் வேண்டாம், உலர்வாகவோ சிறிது மண்ணெண்ணெய் விட்டோ போடலாம். தகட்டின் அடியையும் சுவரையும் 80 நம்பர் எமரியால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, உலோகத்தூள் கலந்த எபாக்ஸியை மெல்லிசாகப் பூசி முடுக்குங்கள். சாதாரண சிலிகான் இந்த இடத்துக்கு ஆகாது. எம்6 போல்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் மரை பிய்ந்துவிடும். உள்ளே நீட்டும் முனைகளை மட்டமாக வெட்டி, கிராங்கை ராடோடு மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். குறைந்தது 2 மி.மீ. விலகல் இருக்க வேண்டும். எபாக்ஸிக்கு 24 மணி நேரம் கொடுங்கள்.

வெல்டிங் ஏன் கூடாது என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன். வெல்டிங் ஆர்க் பட்டு வேகமாக ஆறும்போது, பற்றுக்கு (வெல்டு செய்த இடம்) பக்கத்து இரும்பு கண்ணாடி போலக் கெட்டியாகி, சுருங்கும் இழுவிசை தாங்காமல் ‘டிக்’கென்று விரியும். சிலிண்டரும் கோணும். சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) உட்காரும் விளிம்போ போல்ட் காதோ உடைந்திருந்தால் மட்டும் வெல்டிங்குக்குப் போங்கள். நிக்கல் வெல்டிங் ராட், 2.5 மி.மீ., 60 முதல் 80 ஆம்பியர். ஒரு தடவைக்கு 20, 25 மி.மீ. நீளம்தான். சூடு இருக்கும்போதே சிறு சுத்தியலால் தட்டுங்கள். கை வைக்கிற அளவு ஆறிய பிறகே அடுத்த பற்று. பல ஆண்டு ஆயில் குடித்த இரும்பு என்பதால், முன்னதாக கேஸ் டார்ச்சால் மெதுவாகச் சூடேற்றி ஆயிலைக் கக்க வையுங்கள். இல்லாவிட்டால் பற்று முழுக்கப் பொத்தலாகும்.

ஸ்டிச்சிங்கில் சூடே கிடையாது. விரிசல் கோட்டின் மேலேயே மரை போட்ட பின்களை வரிசையாக இறக்கி, ஒவ்வொரு பின்னும் முந்தையதைச் சிறிது வெட்டிக்கொண்டு உட்காரும்படி செய்வார்கள். குறுக்கே பூட்டுத் துண்டுகளும் உண்டு. இதற்கென்று பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. முடிந்ததும் ஜாக்கெட்டை அடைத்து, வெந்நீர் நிரப்பி 2 பார் அழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தகடு வேலைக்குச் சோதனை எளிது: பிளாக்கைத் தகடு கீழே வரும்படி படுக்க வைத்து, உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்பீஸ் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். கசிந்தால் வெள்ளையில் ஈரம் தெரியும்.

ராட் முறிந்ததன் காரணத்தைச் சரிசெய்யாமல் என்ஜினைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் ஆயில் இல்லாமல் பிக் எண்ட் பேரிங் (ராட் கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) பிடித்திருக்கும், அல்லது பழைய ராட் போல்ட் அறுந்திருக்கும். வெள்ளத்தில் ஓட்டி சிலிண்டருக்குள் தண்ணீர் இழுத்திருந்தால் மற்ற ராடுகளும் வளைந்திருக்கலாம். நான்கு ராடுக்கும் புது போல்ட் போடுங்கள். கிராங்கில் விரிசல் பார்த்து, ஆயில் பம்ப்பையும், ஆயில் அழுத்தம் மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வையும் பிரித்துக் கழுவி, ஆயில் வழிகளில் கம்பி பிரஷ் விட்டுக் காற்றடியுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் சூடோடு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டி, உள்ளே காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் மாவு போல் ஒட்டினால் சரி, செதிளாக வந்தால் சம்ப்பைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.