அமைதியான அறையில் ஒரு பெண்: கோலாலம்பூர் வெளிச்சத்தில் வரையும் முறை

வீட்டுக்குள் தனியே அமர்ந்திருக்கும் பெண்ணை எண்ணெய் வண்ணத்தில் வரைய விரும்புவோர், முதலில் சன்னலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியக் கையேடுகள் நேர்வெயில் படாத வடக்குச் சன்னலையே பரிந்துரைக்கும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே செல்கிறது. ஆகவே அம்மாதங்களில் தெற்குச் சன்னலும், அக்டோபர் முதல் மார்ச் முற்பகுதி வரை வடக்குச் சன்னலும்தான் இங்கே பொருந்தும். ஒரே பக்கம் சன்னலுள்ள அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மெல்லிய வெள்ளைத் திரையால் சமாளிக்கலாம். குழல்விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

அமர்பவர் அம்மாவானாலும் அக்காவானாலும், பூத்தொடுத்தல், முருங்கைக்கீரை உருவுதல் போன்று கை தானாகவே செய்யும் வேலை ஒன்றைக் கொடுங்கள். சும்மா உட்காரச் சொன்னால் முகம் இறுகிவிடும். இடையிடையே ஓய்வு கொடுத்து, நாற்காலிக் கால்கள் நிற்குமிடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். சுவரிலுள்ள சாமிப்பட நாட்காட்டியை விட்டுவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் சிவப்பு, பார்ப்பவர் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916), 1898 முதல் 1909 வரை கோபன்ஹேகனில் தாம் குடியிருந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றில் பலவற்றில் அவருடைய மனைவி இடா முதுகைக் காட்டியே இருக்கிறார். முகம் தெரியாதபோது கண் பிடரிக்குச் செல்கிறது; கொண்டைக்குக் கீழே பிரிந்து நிற்கும் ஓரிரு மயிரிழைகளும், இரவிக்கையின் கழுத்தோரத்தில் படும் ஒளியுமே ஆளைச் சொல்லிவிடும். சன்னல் பக்கத்துத் தோளின் விளிம்பைத் தெளிவாக வரைந்து, மறுபக்க விளிம்பைச் சுவரின் நிழலோடு கரைய விடுங்கள். எது எவ்வளவு இருட்டு என்பதை அறியக் கண்களைச் சுருக்கிப் பார்ப்பதே போதும்.

அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பையும் டைட்டானியம் வெள்ளையோடு கலந்தால் சுவருக்கு வேண்டிய சாம்பல் நிறங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். மாநிறத் தோலுக்குக் கையேடுகள் சொல்லும் இளஞ்சிவப்பு உதவாது. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் மஞ்சள் ஓக்கர் என்னும் மண்மஞ்சளும் அடிப்படையாக, ஒளி படும் இடத்தில் சற்றே நீலம் கலந்த வெள்ளையைச் சேருங்கள்.

அடிப்பூச்சை, வண்ணத்தை நீர்க்கச்செய்யும் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேற்பூச்சுகளை எண்ணெய் மிகுந்தும் இடுங்கள். இந்த வரிசை மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். காய வைக்கும்போது சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் காற்றாடும்படி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கித்தானின் பின்புறம் எளிதில் பூஞ்சை பிடிக்கும்.