உறுத்தியது, ஆனாலும் பணம் போனது

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை. டாக்காவில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் தலைமையகத்தில், காவல் மிகுந்த ஓர் அறையில் இருந்த பிரிண்டர் ஓடவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் ஒவ்வொன்றையும் தானாகவே தாளில் அச்சிட்டுத் தள்ள வேண்டிய பிரிண்டர் அது. வழக்கமாக வருகிற கோளாறுதான் என்று பணியில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அங்கே அன்று வார விடுமுறை வேறு. ஆனால் முந்தைய இரவே ஹேக்கர்கள் அந்த வங்கியின் பெயரில், அதன் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் அனுப்பி, சுமார் 95 கோடி டாலரை வேறு கணக்குகளுக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாள்கள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்றுதான் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது.

கடைசியில் 10.1 கோடி டாலர் கைமாறியது. அதில் 2 கோடி இலங்கைக்கு. பணம் பெறும் அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை ஹேக்கர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஒரு வங்கி 'இது என்ன எழுத்து?' என்று விளக்கம் கேட்டது, அந்தப் பணம் தப்பியது. கேட்ட 95 கோடியில் பெரும்பகுதியைக் காப்பாற்றியதும் ஒரு சொல்தான். பணம் போகவேண்டிய மணிலா வங்கிக் கிளை ஜூப்பிட்டர் என்ற தெருவில் இருந்தது. அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்த ஒரு கப்பலுக்கும் அதே பெயர். அந்தப் பெயரைக் கண்டதும் கணினி எச்சரித்தது, உத்தரவுகள் நின்றன. ஆனாலும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட உண்மைக் கதைகளைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஏமாந்தவர்களைப் படிக்காதவர்கள், பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது நம் பழக்கம். கதைகளுக்குள் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு கணத்தில் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தலை அவர் என்ன செய்தார் என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது.

சந்தேகத்தை அது வந்த வழியிலேயே தீர்த்துக்கொள்வது

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததைப் பாருங்கள். ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, பிரிட்டனில் இருக்கும் நிதித் தலைவர் அனுப்பியதுபோல ஒரு செய்தி வந்தது. ரகசியமாக ஒரு பணப் பரிமாற்றம் செய்ய வேண்டும் என்றது. அவருக்கு உடனே சந்தேகம் வந்தது, இது மோசடி மெயிலாக இருக்கலாம் என்று. அதுவரை சரியாகத்தான் யோசித்தார். அப்புறம் ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். உள்ளே போனால் நிதித் தலைவர் இருந்தார், கூட வேலை பார்ப்பவர்களும் இருந்தார்கள், முகமும் குரலும் அப்படியே. சந்தேகம் போய்விட்டது. 15 தவணையாக 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் உயிருள்ள மனிதர் அவர் ஒருவர்தான். மற்ற முகங்கள் எல்லாம் பொதுவில் கிடைத்த வீடியோக்களை வைத்துக் கணினியில் செய்த டீப்ஃபேக்.

கூட்டத்துக்கு அழைத்ததும் சந்தேகத்துக்குரிய அதே ஆட்கள்தானே. திருடனையே கூப்பிட்டு 'நீ திருடனா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். அவர் தன்னிடம் முன்பே இருந்த எண்ணில் தலைமையகத்துக்கு ஒரு போன் செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளிவந்திருக்கும்.

2016 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேதனையானது. ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, 'உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ சிக்கிவிட்டது, உடனே மாற்றுங்கள்' என்று கூகுள் அனுப்பியதுபோல ஒரு மெயில் வந்தது. உதவியாளருக்கு உறுத்தியது. கணினிப் பிரிவிடம் கேட்டார்கள். 'இது உண்மையான மெயில்தான், உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்' என்று பதில் வந்தது. 'போலி' என்று எழுத நினைத்தவர் அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டதாகப் பிறகு சொன்னார். அதே பதிலில் கூகுளின் உண்மையான முகவரியையும் அவர் கொடுத்திருந்தார். அதில் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அழுத்தப்பட்டது முதலில் வந்த மெயிலில் இருந்த பட்டன். சில மாதங்களில், தேர்தல் நெருங்கிய வேளையில், பல்லாயிரம் மெயில்கள் உலகம் முழுக்கப் படிக்கக் கிடைத்தன.

ஆகவே மெயிலில் வந்த லிங்க் வேண்டாம், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வங்கி என்று சொல்லி யாராவது கூப்பிட்டால் வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பிள்ளையின் குரலில் யாரோ அழுதுகொண்டு பணம் கேட்டால், பிள்ளையின் பழைய எண்ணுக்குப் போடுங்கள். குரலை நகலெடுப்பது இன்று எளிது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ரகசியம் என்றதும் அடங்கிப்போவது

பிரான்சில் 2015 முதல் ஒரு கும்பல் பணக்காரர்களையும் பெரிய மனிதர்களையும் ஸ்கைப்பில் அழைத்தது. மங்கலான வெளிச்சம், அரசு அலுவலகம்போல ஓர் அறை, மேசைக்குப் பின்னால் பாதுகாப்பு அமைச்சர் ழான் ஈவ் லெ திரியான். உண்மையில் அது அவருடைய முகம்போலச் செய்த முகமூடியைப் போட்ட ஆள். பயங்கரவாதிகளிடம் சிக்கிய பணயக் கைதிகளை மீட்கப் பணம் வேண்டும், பிரான்ஸ் அரசு வெளிப்படையாகப் பணயத்தொகை கொடுக்க முடியாது, அதனால் உங்களிடம் கேட்கிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார் 'அமைச்சர்'. பெரும்பாலானோர் நம்பவில்லை. நம்பிய சிலரிடமிருந்து மட்டும் 5 கோடி யூரோவுக்கு மேல் போனது. 2020-இல் பாரிஸ் நீதிமன்றம் கும்பலின் தலைவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

முகமூடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற வார்த்தை. ஹாங்காங்கிலும் அதே வார்த்தைதான். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொன்னாலே பாதி மோசடி உடைந்துவிடும், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பணமும் ரகசியமும் சேர்ந்து வந்தால் முதல் வேலையாக யாரிடமாவது சொல்லுங்கள்.

தெரிந்த பெயர் என்று நம்புவது

லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ் செய்த காரியத்தில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. தைவானில் குவாண்டா என்று ஒரு கணினி உற்பத்தி நிறுவனம். கூகுளும் ஃபேஸ்புக்கும் அதனிடம் பொருள் வாங்குவது வழக்கம். அதே பெயரில் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி பில்கள் அனுப்பினார். 2013 முதல் 2015 வரை 12 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. 2019-இல் 5 வருடச் சிறை. பில்லில் இருக்கும் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தால், பழைய தொடர்பில் ஒரு முறை கேட்டுவிடுவது சிறிய கடைக்கும் பொருந்தும்.

2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸும் தெரிந்தவர் பெயரைப் போட்டுக்கொண்டுதான் வந்தது. ஒருவர் திறந்ததும் அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதுவாகவே போனது. பங்களாதேஷ் வங்கிக்குள்ளும் ஹேக்கர்கள் நுழைந்தது, கொள்ளைக்கு ஒரு வருடம் முன்பே பணிவாக வேலை கேட்டு வந்த மெயில் வழியாகத்தான். பயோடேட்டா இணைப்பை யாரோ திறந்திருக்கிறார்கள்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி

பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு 2012 ஆகஸ்டில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஹேக்கர்கள் முதலில் அமேசான் வாடிக்கையாளர் சேவையை ஏமாற்றி, அவருடைய கிரெடிட் கார்டின் கடைசி 4 எண்களைப் பார்த்தார்கள். அந்த 4 எண்களையும் வீட்டு முகவரியையும் சொன்னதும் ஆப்பிள் கணக்கு திறந்தது. அதிலிருந்து கூகுள், கூகுளிலிருந்து ட்விட்டர். ஒரு கணக்கின் பாஸ்வேர்டை மீட்கும் மெயில் இன்னொரு கணக்குக்குப் போனதால் சங்கிலிபோல எல்லாம் விழுந்தது. போன், ஐபேட், லேப்டாப் மூன்றையும் தூரத்திலிருந்தே அழித்தார்கள். லேப்டாப்பில் இருந்தவை அவருடைய குழந்தையின் முதல் வருடப் படங்கள். வேறெங்கும் நகல் இல்லை. இவ்வளவும் எதற்கு? அவருடைய மூன்று எழுத்து ட்விட்டர் பெயர் அவர்களுக்கு வேண்டுமாம்.

டிராப்பாக்ஸிலும் அதே வருடம் ஓர் ஊழியர் வேறொரு தளத்தில் வைத்திருந்த பாஸ்வேர்டையே வேலைக்கும் வைத்திருந்தார். அங்கே திருடுபோனது இங்கே பயன்பட்டது, 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் போனது. மெயிலுக்கும் வங்கிக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, அத்துடன் இரண்டாவது சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு போனுக்கு வரும் எண்போல), இந்த இரண்டையும் இன்றைக்கே செய்துவிடுங்கள். வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டிலேயே கேமராவையும் ரவுட்டரையும் விட்டுவைப்பதும் இதே வகைத் தவறுதான். 2016-இல் மிராய் என்ற நிரல் அப்படிப்பட்ட கருவிகளைத்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றி ஒரு வரி போதும்: 2017 மே 12 அன்று, கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

'சின்னத் தொகைதானே' என்று விடுவது

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை. வானியல் படித்துவிட்டுக் கணினிப் பிரிவுக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டால் அதை விடவில்லை. யாரோ பணம் கட்டாமல் சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தார்கள். இணைப்புகளில் பிரிண்டர்களைப் பொருத்தி, அங்கேயே படுத்துத் தூங்கி, அந்த ஆள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எடுத்தார். மாதக்கணக்கில் தொடர்ந்த வழி மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் முடிந்தது. அங்கிருந்த கும்பல் அமெரிக்க ராணுவக் கணினிகளில் எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தது.

திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க மோசடிக்காரர்கள் முதலில் சின்னத் தொகை ஒன்றை எடுப்பார்கள். அறிக்கையில் தெரியாத ஒரு செலவு இருந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும் வங்கியைக் கேளுங்கள்.

வெட்கப்பட்டுச் சும்மா இருப்பது

பங்களாதேஷ் வங்கி விழித்து நியூயார்க்கைத் தொடர்புகொள்ள முயன்றபோது அங்கே வாரக்கடைசி. திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் நாள் பார்த்துத்தான் இறங்கியிருந்தார்கள். அந்த இடைவெளியிலேயே பணம் சூதாட்ட விடுதிகளை நோக்கி நகர ஆரம்பித்துவிட்டது. நம் விஷயத்தில் அந்த இடைவெளியை நாமே உண்டாக்குகிறோம். 'வீட்டில் என்ன சொல்வார்கள்' என்று இரண்டு நாள் மறைக்கிறோம். முதல் சில மணி நேரத்தில் சொன்னால், பணம் போன கணக்கை வங்கி முடக்க வாய்ப்பு இருக்கிறது. முதலில் வங்கி, அடுத்து காவல்துறை. செய்திகளையும் பரிமாற்ற எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

சில வாரம் கழித்து ஒருவர் கூப்பிடுவார். நீங்கள் இழந்த தொகை எவ்வளவு என்று சரியாகச் சொல்வார். தன்னை வக்கீல் என்றோ அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு, சிறிய கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறேன் என்பார். அந்தத் தொகை அவருக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை ஏமாற்றிய கும்பலாகவே இருக்கலாம், அவர்களிடம் உங்கள் விவரத்தை விலைக்கு வாங்கியவராகவும் இருக்கலாம். பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிட்டு, அந்த எண்ணையும் காவல்துறையிடம் கொடுங்கள்.