முழங்கால் நடுங்கிய ரோபோ

மதுரை வில்லாபுரம் வீட்டு மாடியில் ஒன்றரை அடி உயர மனித ரோபோ செய்துகொண்டிருக்கிறேன். கால்களுக்கு மட்டும் பத்து எம்ஜி996ஆர் சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். நிமிர்ந்து நிற்கும்போது கல்லு மாதிரி நிற்கும். உட்கார்ந்து எழச் சொன்னால் பாதியில் முழங்கால் கிடுகிடுவென நடுங்கி, அதை இயக்கும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிவிடும்.

இரண்டு நாள் புரோகிராமையே நோண்டினேன். கோளாறு அங்கே இல்லை. எழும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்தால் 6 வோல்ட் 4.3-க்கு இறங்கியது. முழங்கால் மடங்க மடங்க, உடம்பின் எடை மூட்டைவிட்டுத் தள்ளிப் போகிறது. 2 கிலோ எடை 6 செ.மீ. தள்ளியிருந்தால் இரண்டு முழங்காலும் சேர்ந்து 12 கிலோ-செ.மீ. முறுக்கு விசை தர வேண்டும். திணறி நின்றுவிட்டால் ஒரு சர்வோவே 2.5 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். என் அடாப்டர் மொத்தமே 3 ஆம்பியர், ஆர்டுயினோவுக்கும் அதிலிருந்துதான் கரண்ட்.

டவுன்ஹால் ரோட்டில் வோல்டேஜைக் குறைத்துத் தரும் 10 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர், தடித்த வயர், திடீர் இழுப்பைத் தாங்க 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கினேன். சர்வோக்களுக்கு லிப்போ பேட்டரியிலிருந்து தனி சப்ளை. கிரவுண்ட் (மைனஸ் வயர்) மட்டும் ஆர்டுயினோவுக்கும் சர்வோக்களுக்கும் பொது. அதை விட்டுவிடாதீர்கள், சிக்னலே குழம்பிவிடும். கோணத்தையும் ஒரேயடியாக அனுப்பாமல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு டிகிரியாக நகர்த்தினேன்.

நேற்று ராத்திரி இருபது தடவை உட்கார்ந்து எழுந்தது. முழங்கால் சர்வோ தொட்டால் இன்னும் சுடுகிறது. அடுத்து நெஞ்சுக்கூட்டின் எடையைக் குறைக்க வேண்டும்.