ஜப்பானியப் பெயருக்கு எழுத்து பார்ப்பது எப்படி

“சித்தி, கான்ஜி பார்த்துத் தரணும்” என்று ஒசாக்காவிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வந்ததே கோபம். “பிள்ளை பெத்தவளுக்குக் கஞ்சி வைக்கிறதுக்குக்கூடப் பினாங்குக்குப் போன் அடிக்கணுமா?”

கஞ்சி இல்லை, கான்ஜி. சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன எழுத்துகள். பிறந்திருப்பது அக்காவின் முதல் பேத்தி. தாய் ஜப்பானியப் பெண் என்பதால் பிள்ளையின் பெயர் அந்த ஊர்க் குடும்பப் பதிவேட்டில் ஏற வேண்டும். பிறந்த நாளையும் சேர்த்து 14 நாள்தான் தவணை. முப்பதாம் நாள் பெயர் வைக்கலாம் என்று அக்கா போட்டிருந்த கணக்கு அங்கேயே உடைந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் 22 வருடம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள் நான். அதனால் பொறுப்பு என் தலையில். அதற்கப்புறம் இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே காரியமாகப் படியேறி வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நம் பெயர்களில் பொருள் ஒலிக்குள்ளேயே இருக்கிறது. மலர்விழி என்று கூப்பிட்டால் போதும், யாருக்கும் விளக்க வேண்டாம். ஜப்பானியத்தில் காதில் விழுவது பாதிப் பெயர்தான். யூகி என்று ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். பனி என்ற ஓரெழுத்தில் எழுதினால் அவள் பனி. இன்னோர் எழுத்தில் எழுதினால் நற்பேறு. பரிவு, நம்பிக்கை என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தும் யூகி என்று வாசிக்கலாம். அகிரா என்ற ஆண் பெயரைச் சூரியனும் நிலாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் எழுத்தில் எழுதினால் வெளிச்சம். மூன்று சூரியனை அடுக்கிய எழுத்தில் எழுதினால் பளிங்கு. அதுவும் அகிராதான். பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோ சுசுக்கியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இச்சிரோ என்றால் வழக்கமாக ‘முதல் மகன்’ என்று எழுதுவார்கள். அவரோ வீட்டில் இரண்டாவது பையன். அவர் பெயரின் பின்னெழுத்து ‘மகன்’ இல்லை, அதே ஒலியுள்ள ‘தெளிவு, மலர்ச்சி’ என்ற எழுத்து. ஆகவே ‘இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த எழுத்தில் எழுதுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். ஜப்பானியர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். எழுத்துக்கு முன்னால் ஒலியைச் சோதியுங்கள். நம் வீடுகளில் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

பேத்தி மக நட்சத்திரம். மகம் ஜெகத்தை ஆளும் என்று அக்காவுக்கு ஒரே பெருமை. ம, மி, மு, மெ என்று ஐயர் எழுத்து கொடுத்தார். அக்கா மூன்று மாதமாகவே மனதில் வைத்திருந்த பெயர் மீரா. ஜப்பானில் மீரா என்று நீட்டிச் சொன்னால் எகிப்துக்காரர்கள் துணி சுற்றிப் பாடம்பண்ணிய பிணம். சொன்னதும் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உமா என்றால் குதிரை. ஹேமா கிட்டத்தட்ட ‘சொதப்பல்’ என்பதற்கான பேச்சுச் சொல். அவர்களுக்கு ‘வி’ வராது, ‘அம்பி’யில் வரும் ‘பி’ ஆகிவிடும். கவி என்ற பெயர் ரொட்டியில் பிடிக்கும் பூஞ்சைக் காளானாகிவிடும். ‘ல’வும் இல்லை. நிலா நிராவாகும். நிரா என்றால், நம் ஊர் சார் குவே தியா நூடுல்ஸில் நறுக்கிப் போடுகிறார்களே கூச்சாய் என்ற கீரை, அது. அதனால் பிடித்த பெயரை அந்த ஊரில் வளர்ந்த ஒருவரிடம் சும்மா சொல்லிப் பார்த்து முகத்தைக் கவனியுங்கள். உதடு துடித்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். குடும்பப் பெயரோடு சேர்த்தும் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியில் நின்றது மாரி. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. எங்கள் பாட்டி முடியிறக்கியதும் அங்கேதான், நாங்கள் இறக்கியதும் அங்கேதான். ஜப்பானிலும் மாரி வெகு சாதாரணமான பெண் பெயர், ஆனால் அவர்கள் குறிலாகத்தான் சொல்வார்கள். “மரின்னா செத்துப்போறதாச்சே!” என்று அக்கா மறுபடி எழுந்தார். தமிழில் எழுதும்போது நெடில்தான், நாம் கூப்பிடும்போதும் நெடில்தான் என்று சமாதானப்படுத்தினேன். நமக்கு மழை, மலாயில் ‘மாரி’ என்றால் வா. மழையே வா என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இறங்கிவந்தார்.

இப்போது எழுத்து. மா, ரி என்ற ஒலிக்கு வரக்கூடிய எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளை எழுதிவையுங்கள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை நான்கு. முதலாவது, சேர்த்து வாசித்தால் ‘உண்மை’, அதாவது தத்துவ நூல்களில் வரும் மெய்ம்மை. நல்ல பெயர், ஆனால் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. இரண்டாவது, ‘பத்தாயிரம் காதம்’. சீனப் பெருஞ்சுவரின் பெயரில் வருகிற அதே சொல். “ஏற்கெனவே அவ்வளவு தூரத்துல இருக்குறா, பேர்லயும் தூரமா?” என்று அக்கா அடித்துவிட்டார். மூன்றாவது, சணலும் கிராமமும். தன் அத்தை வயதுப் பெண்களின் பெயர்போல இருக்கிறது என்றாள் மருமகள். நம் ஊரில் இன்று பிறந்த பிள்ளைக்குக் கனகாம்புஜம் என்று வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்த வாசனை அகராதியில் கிடைக்காது; ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் ஒரு பொறியைக் காட்டிவிட வேண்டும். தனித்தனியே அழகாக இருக்கிற இரண்டு எழுத்து சேர்ந்ததும் வேறு சொல்லாகிவிடும். கடல் என்று ஓரெழுத்து, நிலா என்று ஓரெழுத்து. என்னிடம் வந்த ஒரு பெற்றோர் இதைக் கவிதை என்று நினைத்திருந்தார்கள். சேர்த்து வாசித்தால் ஜெல்லி மீன். கடலும் விண்மீனும் சேர்ந்தால் நட்சத்திர மீன். இதயத்தோடு ‘தடித்த’ என்ற எழுத்தைச் சேர்த்தால், கடற்பாசியில் செய்து நூடுல்ஸ்போல இழையாக்கித் தின்னும் ஒரு பண்டம். ஆகவே ஜோடி சேர்த்ததும் அந்த ஜோடியை அப்படியே அகராதியில் தேடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நினைத்த எழுத்தையெல்லாம் பெயரில் வைக்க முடியாது. பொதுப் பயன்பாட்டுக்கான 2136 எழுத்துகள், பெயருக்கென்று தனியாக அனுமதித்த 863, ஆக ஒன்று குறைய மூவாயிரம். ஒலியை மட்டும் குறிக்கும் ஹிராகானா, கத்தகானா எழுத்துகளிலும் எழுதலாம். பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. 1993இல் தோக்கியோவின் அக்கிஷிமா நகரில் ஒரு தகப்பன் மகனுக்குப் பிசாசு என்று பொருள்படும் பெயரைப் பதியப் போய் வழக்கு வரை போனது. 2004இல் பெயர் எழுத்துகளைக் கூட்டியபோது வரைவுப் பட்டியலில் மலம், சாபம், மூலநோய் எல்லாம் இருந்தன. மக்கள் சிரித்தும் திட்டியும் எடுக்க வைத்தார்கள். யார் வைக்கப் போகிறார்கள் மூலநோய் என்று! 2025 மே 26 முதல் பெயரை எப்படி வாசிப்பது என்பதும் பதிவேட்டில் ஏறுகிறது. முன்பு எழுத்து ஒன்றாகவும் ஒலி தங்கள் இஷ்டமாகவும் வைத்தவர்கள் உண்டு. இப்போது ‘உயரம்’ என்று எழுதிக் ‘குட்டை’ என்று வாசிக்கச் சொன்னால் ஏற்க மாட்டார்கள்.

கோடு எண்ணிக்கை என்று ஒன்றைச் சொல்வார்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டிலும் எத்தனை கோடு இழுக்கிறோம் என்று எண்ணிப் பலன் பார்ப்பது. பிறப்புப் பத்திரத்தில் எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தை இரண்டு இரண்டாகப் போடுகிற நமக்கு இதை எள்ளி நகையாட உரிமை இல்லை. எங்கள் நான்காவது ஜோடி எழுதும்போது 18 கோடு. இரண்டு எழுத்தின் தலையிலும் உள்ள புல் குறிக்கு மூன்றுக்குப் பதில் ஆறு கோடு என்று பழைய முறையில் எண்ணுகிறவர்களுக்கு 24. பலனும் ஆளுக்கு ஆள் மாறியது. நான் இதோடு விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு, வேறு ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு சுலபத்தில் கிடைக்காதது: பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. எழுத்தைக் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். ஹினா என்ற பெயரை ‘சூரியன், கீரை’ என்று எழுதுவது ஜப்பானில் பிரபலம். கீரை எழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு வயலில் மஞ்சளாகப் பூக்கும் கடுகினப் பூ நினைவுக்கு வரும். எங்கள் ஆன்ட்டி அதைப் பார்த்து, “சாய்! காய்கறி! பிள்ளை சைவமா?” என்று கேட்டார். பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை, அதையும் யோசிக்கத்தானே வேண்டும்.

நான்காவது ஜோடியை அவரிடம் காட்டியதும் உள்ளே போய் ஒரு தேயிலை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். மேலே அதே இரண்டு எழுத்து. மோலி. மல்லிகைத் தேநீர். மல்லிகா என்ற நம் பக்கத்துச் சொல் இந்தியாவிலிருந்து சீனம் போய், அந்த ஒலிக்காகவே எழுதிய எழுத்துகள் அவை. தனித்தனியே பிரித்தால் பெரிதாகப் பொருள் இல்லை, சேர்ந்தால்தான் மல்லிகை. ஜப்பானில் அதையே மாரி என்று வாசிக்கிறார்கள். இரண்டுமே 1981இல் பெயர்ப் பட்டியலில் ஏறியவை. இனி வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

முடிவு செய்த பிறகு, போனில் பெயர் சொல்லும்போது எழுத்தை விளக்க ஒரு வரி தயார்செய்து பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஆயுள் முழுக்கக் கேட்பார்கள். எங்களுடையது: மேலே புல், கீழே ‘கடைசி’; மேலே புல், கீழே ‘வசதி’ என்பதில் வரும் ரி. “தலைப் பேத்திக்குக் கடைசியா?” என்று அக்கா கேட்டார். அது ஒலிக்காகக் கடன் வாங்கியது, பொருள் ஒட்டாது என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

ஏழாம் நாள் இரவு அங்கே பெயர் எழுதி மாட்டுகிற சடங்கு. மருமகளின் அப்பா தூரிகையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரெண்டு எழுத்தும் தலையில பூ வச்சிருக்கு” என்றார்.