ஹவோர்தியாவுக்கு உரம்: எப்போது, எவ்வளவு, எப்போது கூடவே கூடாது

வாங்கி ஒரு வருடம் ஆகியும் ஹவோர்தியா என்ற சதைப்பற்றுச் செடி வாங்கின அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறதென்றால், அதற்குப் பசி என்று அர்த்தமில்லை. ஆரோக்கியமான செடியே வருடத்துக்கு விடுகிற இலைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியில் பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும் வளர்கிற ஜாதி இது. கிடைத்ததை இலைக்குள் சேர்த்துவைத்துப் பிழைக்கும். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் போடுகிற கணக்கை இதனிடம் காட்டினால் வேர் வெந்துவிடும். அது மண்ணுக்குள் நடப்பதால் ஒரு மாதம் வரை வெளியே ஒன்றும் தெரியாது.

இங்கே சொல்லும் அளவுகள் நர்சரிகளில் ‘ஜீப்ரா’ என்று விற்கும் வெள்ளை வரிச் செடிக்கானவை. இலை நுனி கண்ணாடி போலத் தெரியும் கூப்பரி வகைக்கு இதில் பாதி போதும்.

முதலில் காலம். ‘வசந்தத்திலும் கோடையிலும் உரமிடுங்கள், குளிர்காலத்தில் நிறுத்துங்கள்’ என்று பெரும்பாலான குறிப்புகள் சொல்லும். அது பனி கொட்டும் ஊர்களுக்கு எழுதியது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் ஹவோர்தியா தூங்கும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் வெக்கை இறங்காதபோது அது வளர்ச்சியை நிறுத்தி, இலைகளை உள்பக்கமாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஊற்றுகிற உரத்தை எடுத்துக்கொள்ள வேர் தயாராக இல்லை. நீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தொட்டியில் தங்கும்.

ஆகவே சென்னை, திருச்சி, மதுரைக்காரர்கள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையும், கோவை மாதிரி இதமான ஊர்க்காரர்கள் ஜூலைக் கடைசியிலிருந்தும் உரம் கொடுக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் மட்டும் கணக்கு தலைகீழ்: மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் நிறுத்துங்கள். எந்த ஊரானாலும் காலண்டரைவிடச் செடியின் நடுக்குருத்துதான் சரியாகச் சொல்லும். நடுவில் வெளிர்பச்சையாக ஒரு புது நுனி எட்டிப் பார்த்தால் செடி விழித்திருக்கிறது. பருவமழை விடாமல் கொட்டும் வாரங்களில் மண் காயாது, அப்போது உரம் வேண்டாம்.

உரக்கடையில் 19:19:19 என்று கேளுங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ள, நீரில் முழுதாகக் கரையும் தூள். பயிர்களுக்கு லிட்டருக்கு 5 கிராம் வரை சொல்வார்கள். ஹவோர்தியாவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, லிட்டருக்கு 0.5 கிராம். அந்தக் கரைசலில் தழைச்சத்து 95 பிபிஎம் (லிட்டருக்கு 95 மில்லிகிராம்) இருக்கும், தாராளம்.

அரை கிராமைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 10 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாத பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது அதிலிருந்து 50 மில்லி எடுத்து 950 மில்லி தண்ணீரில் கலந்தால் சரியாக 0.5 கிராம். மீதியை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வேறு செடிகளுக்கு ஊற்றிவிடலாம். தொட்டிகள் நிறைய இருந்தால், 10 லிட்டர் வாளிக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன்.

தண்ணீரையும் பாருங்கள். வெறும் தண்ணீரிலேயே டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500-ஐத் தாண்டும் போர்வெல் நீராக இருந்தால், பாதிக்குப் பாதி ஆர்ஓ நீரோ பிடித்துவைத்த மழைநீரோ சேர்க்க வேண்டும். உரம் கலந்த பிறகு டிடிஎஸ் மீட்டரை நம்பவேண்டாம். யூரியா கரைந்தால் மீட்டரில் எண் ஏறாது. 19:19:19-ல் தழைச்சத்தின் பெரும்பங்கு யூரியாதான். ‘எண் இவ்வளவுதானா’ என்று இன்னொரு ஸ்பூன் போட்டு செடியைக் கெடுத்தவர்கள் உண்டு.

கொடுக்கும் முறை: முந்தின நாள் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிடுங்கள். காய்ந்த வேரில் உரநீர் நேராகப் பட்டால் நுனி கருகும். மறுநாள் காலையில் தொட்டியின் விளிம்பை ஒட்டிச் சுற்றி ஊற்றுங்கள். 4 அங்குலத் தொட்டிக்கு 120 முதல் 150 மில்லி, அதாவது அடித்துளை வழியே கொஞ்சம் வெளியேறும் வரை. தட்டில் தேங்கியதை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள். இலைகளின் நடுக்குழியில் ஒரு சொட்டு விழுந்தாலும் டிஷ்யூ பேப்பர் முனையைத் திரித்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நீர் காய்ந்தபின் தங்கும் உப்புதான் குருத்தில் பழுப்புப் புள்ளியாகி, பிறகு அழுகலாகிறது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு பருவத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. அவ்வளவுதான்.

மண்கலவையைப் பொறுத்து இதுவும் மாறும். மண்புழு உரம் பத்தில் இரண்டு பங்கு கலந்திருந்தால் முதல் வருடம் எதுவும் வேண்டாம். செங்கல் சில்லு, பெர்லைட் (பொரித்த எரிமலைப் பாறைத் துகள்), கரடு மணல் மட்டும் என்றால் நான்கு முறையும் கொடுக்கலாம். ஆர்ஓ நீரும் தேங்காய்நார்க் கழிவும் பயன்படுத்துகிறவர்களுக்குச் சுண்ணாம்புச்சத்தும் மெக்னீசியமும் குறையும், ஏனெனில் 19:19:19-ல் இரண்டும் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை, உரத்துக்குப் பதிலாக, லிட்டருக்கு 0.5 கிராம் கால்சியம் நைட்ரேட் கொடுங்கள். இன்னொரு முறை லிட்டருக்கு கால் கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). கால்சியம் நைட்ரேட்டை மற்ற இரண்டோடும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்குப் பயனில்லை.

நர்சரியிலிருந்து வந்த தொட்டியில் கடுகைவிடப் பெரிய உருண்டைகள் தெரிந்தால் அவை மெதுவாகக் கரையும் உரம். ஒன்றை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாகப் பிதுங்கினால் உரம் இன்னும் இருக்கிறது, வெறும் ஓடு என்றால் தீர்ந்தது. இந்த உருண்டைகளை ஹவோர்தியாவுக்குப் புதிதாக வாங்கிப் போட வேண்டாம். ‘ஆறு மாதம் வரும்’ என்று போட்டிருப்பது சுமார் 21 டிகிரிக்கான கணக்கு. வெயில் ஏற ஏற அது வேகமாகச் சத்தை விடும், செடி தூங்குகிற மே மாதத்தில்தான் அதிகமாகக் கொட்டும்.

வீட்டு உரங்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல்: அரிசி கழுவின தண்ணீரின் மாவு சின்னத் தொட்டியில் புளித்து, பூஞ்சையையும் குட்டிக் கொசு மாதிரியான ஈயையும் கூட்டிவரும். வாழைப்பழத்தோல் ஊறின நீரும் அப்படியே. கடலைப்புண்ணாக்கு நல்ல உரம்தான், ஆனால் கீரைப் பாத்திக்கு. டிஏபி என்ற ரசாயன உரத்தின் குருணை ஒன்று வேரோடு ஒட்டினாலே அந்த இடம் கருகும். இயற்கை முறைதான் வேண்டும் என்றால் நன்றாக மக்கிய மண்புழு உரத்தில் ஒரு டீஸ்பூனை, பருவத் தொடக்கத்தில் விளிம்பு மண்ணோடு கிளறிவிடுங்கள்.

எல்லா வாட்டமும் சத்துக்குறைவல்ல. இலைகள் நீண்டு, விரிந்து, வரிகள் மங்கினால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை. அதோடு உரமும் போட்டால் இன்னும் சோகையாக நீளும். செம்பழுப்பு நிறம் என்றால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். அடி இலை ஒன்றிரண்டு காய்வது இயல்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கும், இலை நுனியில் காய்ந்த பழுப்பும் சேர்ந்து வந்தால் உப்பு ஏறிவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் நீரை (4 அங்குலத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர்) இரண்டு தவணையாக மெதுவாக ஊற்றி, முழுக்க வடியவிடுங்கள். கெடுதல் எதுவும் தெரியாவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

உரம் கலக்கும் முன் செடியை இரண்டு விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால் கொடுக்கலாம். லொடலொடவென்று ஆடினால் அடியில் வேர் இல்லை, அதற்கு உரம் விஷம். வெளியே எடுத்து, பழுப்பாகக் கூடாகிப்போன வேர்களை வெட்டி, நான்கு நாள் நிழலில் ஆறவைத்து, மண்புழு உரம் கலக்காத கலவையில் நடுங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர், அதுவும் கொஞ்சமாக. புது வேர் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். நடுக்குருத்து வெளிர்பச்சையாகும் வரை உரப்பாட்டில் அலமாரியிலேயே இருக்கட்டும்.