பயாலஜிக் ஊசியை வீட்டில் போடப் போகிறீர்களா?

என் மகளுக்கு எட்டு வயது. குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி நோய் (ஜே.ஐ.ஏ.) இருக்கிறது. அந்த அழற்சிக்கு முதலில் கொடுக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் போட்டும் மணிக்கட்டு வீக்கம் வற்றாததால்தான் டாக்டர் அடலிமுமாப் என்ற பயாலஜிக் (உயிரணுக்களில் தயாராகும் புரத மருந்து) எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. 15 கிலோவிலிருந்து 30 கிலோவுக்குள் இருந்தால் 20 மி.கி., 30 கிலோ தொட்டால் 40. அதனால் ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் ஊசிக்கு முன் டிபி டெஸ்ட் கட்டாயம். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை இந்த மருந்து அடக்குகிறது. உடம்புக்குள் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் அதைக் கட்டிவைத்திருப்பதும் அதே புரதம்தான். டிபி டெஸ்டுக்காகத் தோலில் போடும் மேன்டூ ஊசி போட்ட இடத்தை 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும், எக்ஸ்ரேயும் உண்டு. வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ நாள்பட்டு இருமுகிறார்களா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் இப்போதே கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை ஊசி தொடங்கியபின் போடக்கூடாது.

ஃப்ரிட்ஜில் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். 2 முதல் 8 டிகிரி. கதவில் வேண்டாம், திறந்து திறந்து சூடேறும். ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். உறைந்த மருந்தைக் கரைத்துப் போடக்கூடாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது வீண்தான். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, பின்சுவரில் ஒட்டாமல் வையுங்கள். மருந்துக்கடையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைப்பேன். எங்கள் ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான்.

போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் எரியும். வெந்நீரில் போட்டுச் சூடாக்குவது, குலுக்குவது இரண்டும் கூடாது. மருந்து கலங்கியோ துகளோடோ இருந்தால் போடாதீர்கள். தொடையிலோ, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். போன தடவை வலது தொடை என்றால் இந்தத் தடவை இடது. முதலில் நர்ஸ் எதிரில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எந்தக் கால் என்பதை என் மகளே சொல்வாள். அந்த உரிமையைக் கொடுத்தபின் அழுகை பாதியாகிவிட்டது.

காய்ச்சல் அடித்தால் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாராசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று மாமியார் சொன்னாலும் சரி, நான் கேட்பதில்லை.

பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் மெத்தோட்ரெக்சேட் எதற்கு என்று தோன்றும். அடலிமுமாபுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குவதை அது குறைக்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கண் பரிசோதனையையும் விடாதீர்கள்: இந்த நோயில் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வரும், கண் டாக்டரின் ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கிக் கருவியில் பார்த்தால்தான் தெரியும்.